வாய் பேசா உயிரின் இறுதி நாட்கள்

வகுப்பு முடிந்து மாணவர் யாவரும் வெளியேறிய பின்னும் ஒருவன் மட்டும் என் மேசையருகே நின்றுகொண்டிருந்தான். பாடத்தில் ஐயம் போலும் என்று எண்ணி, "என்ன தம்பி?" என்றேன். அவன் வாயிற்புறத்தை ஒருமுறை திரும்பிப் பார்த்து, அங்கே ஒருவரும் இல்லை என்று தெரிந்துகொண்ட பின்பே பேசினான்.

"சேர், எங்கட வீட்டு நாய்க்குக் கான்சர் எண்டு டொக்டர் சொல்லிப்போட்டார். இனி என்ன சேர் செய்யிறது?"

உயர்தர வகுப்பில் பயிலும் பிள்ளை அவன். நாய்க்காகக் கலங்குவதைக் கண்டால் உடன் பயில்வோர் நகைப்பரோ என்ற அச்சத்தால் அவ்வளவு நேரம் காத்து நின்றிருக்கிறான். என் வீட்டில் ராணி என்றொரு நாய் அதே நோயால் இறந்த செய்தி எவ்வாறோ அவன் காதுக்கு எட்டியிருந்தது. மணி அடித்துவிட்டதால் அன்று அவனுக்குச் சில வார்த்தைகளே கூற முடிந்தது. எஞ்சியவற்றை இப்பகுதியில் எழுதுகிறேன். அவனைப் போலத் தயங்கி நிற்கும் பிள்ளைகள் வேறு இல்லங்களிலும் இருத்தல் கூடும்.

"இனி என்ன செய்வது?" என்னும் அவ்வினாவுள் இரண்டு வினாக்கள் அடங்கியுள்ளன. இந்நோயைத் தீர்க்க முடியுமா என்பது ஒன்று. தீர்க்க முடியாதெனின், எஞ்சிய நாட்களை அவ்வுயிர் நோவின்றிக் கழிக்க யாம் செய்யத்தக்கது யாது என்பது மற்றொன்று. முதல் வினாவைக் கேளாமலே கைவிடுவோர் உளர். முதல் வினாவுக்கு 'இல்லை' என்ற விடை வந்ததும், இரண்டாவது வினா ஒன்று உண்டென்பதையே மறந்துவிடுவோரும் உளர்.

முதலில் முதல் வினாவை நோக்குவோம். புற்றுநோய் என்பது ஒரு நோயின் பெயரன்று. பல நோய்களுக்கு இட்ட பொதுப்பெயர். அவற்றுட் சில எளிதில் தீர்வன. நம் தெருநாய்களிடையே இணைசேர்தலால் தொற்றிப் பரவும் கட்டி ஒன்று உண்டு. பிறப்புறுப்பில் பூக்கோவா வடிவில் வளர்ந்து இரத்தம் கசியும். கிருமியின் உதவியின்றிப் புற்றுக்கலங்களே ஒரு நாயிலிருந்து மற்றொரு நாய்க்குச் சென்று வேரூன்றுவது இதன் விந்தை. பல்லாயிரம் ஆண்டுகளுக்கு முன் வாழ்ந்த ஏதோ ஒரு நாயின் உடலில் தோன்றிய கலங்களே இன்றும் உலகெங்கும் இவ்வாறு உலவுகின்றன என்று மரபணு ஆய்வாளர் கண்டுள்ளனர். கண்டோர் அஞ்சும் இக்கட்டி, வின்கிறிஸ்ரின் என்னும் மருந்தை வாரம் ஒருமுறையாகச் சில வாரங்கள் ஊசி மூலம் ஏற்றினால், பெரும்பாலும் முற்றாகக் கரைந்துவிடுகிறது.

அம்மருந்து பிறந்த இடம் எது தெரியுமா? நம் முற்றத்தில் நிற்கும் பட்டிப்பூச் செடிதான். நித்தியகல்யாணி என்றும் அதனை வழங்குவர். அச்செடியின் இலையை நீரிழிவுக்கு மருந்தாகும் என்று எண்ணி ஆராயப் புகுந்த கனடா நாட்டு அறிஞர் ரொபேட் நோபிளும் சாள்ஸ் பீரும், 1958இல் அதிலிருந்து புற்றை அடக்கும் பொருளொன்றைப் பிரித்தறிந்தனர். அதன் உடன்பிறப்பான வின்கிறிஸ்ரின் 1963இல் அமெரிக்காவில் மருந்தாக ஏற்கப்பட்டது. இன்று குழந்தைகளின் இரத்தப் புற்றுக்கும் அதுவே கைகொடுக்கிறது. ஆயினும் ஓர் எச்சரிக்கை. இலையை அரைத்து நாய்க்கும் பூனைக்கும் ஊட்டிவிட எவரும் துணிதல் வேண்டா. செடியாக இருக்கும்போது அது நஞ்சு. அளந்து பிரித்தெடுத்த பின்னரே மருந்து.

வெண்ணிறப் பூனைகளுக்கு வரும் புற்று வேறொன்று. நம் திருகோணமலை வெயில் எத்தகையது என்று கூறவேண்டியதில்லை. வெள்ளைப் பூனையின் காது நுனியிலும் மூக்கிலும் நிறமூட்டும் பொருள் இன்மையால், ஆண்டுக்கணக்கில் வெயில் பட்டு அவ்விடம் சிவந்து, பொருக்குக் கட்டி, ஆறாத புண்ணாகிப் புற்றாக மாறுவதுண்டு. புண் சிறிதாக இருக்கையில் காது மடலை வெட்டி அகற்றினால் பூனை பிழைக்கும். சண்டையிட்ட காயமென்று விட்டுவிட்டால் அது பரவும்.

பெண்நாய்க்கு முலைகளில் வரும் கட்டியே யாவற்றினும் அதிகம் காணப்படுவது. அவற்றுள் ஏறக்குறையப் பாதி தீங்கற்றவை, பாதி தீயவை. பூனையாயின் பத்தில் எட்டுக்கு மேல் தீயவையே. கருப்பை நீக்கும் சிகிச்சையை இளமையிலேயே செய்துவிட்டால் நாய்க்கு இந்நோய் வருவது அரிது. முதற் பருவத்துக்கு முன் செய்தால், செய்யாத நாயோடு ஒப்பிட அபாயம் நூற்றுக்கு ஒன்றினும் குறைவென்றும், முதற் பருவத்தின் பின் செய்தால் 8 என்றும், இரண்டாவதன் பின் செய்தால் 26 என்றும் 1969இல் வெளிவந்த அமெரிக்க ஆய்வொன்று கணக்கிட்டது. அக்கணக்கின் துல்லியத்தைப் பிற்காலத்தார் சிலர் ஐயுற்றாராயினும், இளமையில் செய்வதே நன்று என்னும் அறிவுரையை மிருக வைத்தியர் பலர் இன்றும் கூறுகின்றனர்.

இவையெல்லாம் எனக்கு முன்பே தெரிந்திருந்தால், ராணியின் கதை வேறாக முடிந்திருக்கலாம்.

2013இல் ஒரு மழைநாளில், உட்துறைமுக வீதியோரத்தில் நனைந்து நடுங்கிக்கொண்டிருந்த குட்டியை என் மகள் தன் பாடசாலைப் பையினுள் வைத்துக் கொண்டுவந்தாள். பழுப்பு நிறம், ஒரு காது நிமிர்ந்தும் ஒரு காது மடிந்தும் இருக்கும். அன்றுமுதல் அவள் எங்கள் வீட்டுப் பிள்ளை. விடியற்காலையில் நான் டச்சுக்குடாக் கரையோரம் நடக்கும்போது உடன் வருவாள். பிரட்றிக் கோட்டை வாயிலில் நிற்கும் புள்ளிமான்களைக் கண்டால் அவற்றைத் துரத்தாமல், உட்கார்ந்து தலையைச் சாய்த்துப் பார்த்துக்கொண்டிருப்பாள். மான்களும் அவளை ஒரு பொருட்டாக மதித்ததில்லை.

2022ஆம் ஆண்டின் தொடக்கத்தில் ஒருநாள் அவள் வயிற்றைத் தடவிக்கொடுத்தபோது, பின்முலை ஒன்றின் அருகே கடலையளவில் ஏதோ விரலில் தட்டுப்பட்டது. அழுத்தினேன், அவள் முகம் சுளிக்கவில்லை. நோகாத கட்டி தீங்கற்றது என்று நானே முடிவு செய்துகொண்டேன். அது பிழையான முடிவு. புற்றுக்கட்டிகள் தொடக்கத்தில் நோவதில்லை. பின்னர் நாட்டில் பெற்றோல் இல்லை, பஸ் இல்லை, பாடசாலையும் ஒழுங்காக இல்லை என்ற காலம் வந்தது. அக்காலத்து இடர்களை எனக்கொரு சாட்டாக வைத்துக்கொண்டேன். கடலை பாக்காயிற்று, பாக்கு தேசிக்காயாயிற்று. தோல் வெடித்து நீர் கசிந்த அன்றுதான் வைத்தியரிடம் ஓடினேன். அதற்குள் அந்த ஆண்டே முடியும் தறுவாய்க்கு வந்துவிட்டது. ஒன்றேகால் அங்குலத்தினும் சிறிதாக இருக்கையில் வெட்டி அகற்றிய கட்டிக்கும், அதனினும் பெரிதான பின் அகற்றிய கட்டிக்கும் பிழைக்கும் வாய்ப்பில் பெரிய வேறுபாடு உண்டென்று அவர் சொன்னபோது, என்னால் தலை நிமிர முடியவில்லை.

வாடகை வான் ஒன்றில் கந்தளாய், ஹபரணை, தம்புள்ளை, மாத்தளை வழியாகப் பேராதனைப் பல்கலைக்கழகத்து மிருக வைத்திய பீடத்தின் வைத்தியசாலைக்குச் சென்றோம். ஏறக்குறைய 180 கிலோமீற்றர் தூரம். எக்ஸ்றேப் படத்தில் நுரையீரலில் வெண்மையான உருண்டைகள் பல தெரிந்தன. பரவிவிட்டது. கட்டியை வெட்டுவதால் ஆயுள் நீளாது என்றனர். திரும்பும் வழியில் ராணி மகளின் மடியில் தலைவைத்து உறங்கினாள். வானில் வேறு எவரும் பேசவில்லை.

மறுநாள் எங்கள் ஊர் மிருக வைத்தியரிடம் சென்று, "இனிச் செய்வதற்கு ஒன்றும் இல்லைத்தானே, டொக்டர்?" என்றேன். அவர் வயதில் என்னினும் இளையவர். "ஒண்டும் இல்லையெண்டு ஆர் சேர் சொன்னது? குணமாக்கத்தான் ஏலாது. செய்யிறதுக்கு நிறைய இருக்கு," என்றார்.

இரண்டாவது வினா ஒன்று உண்டென்பதை நான் உணர்ந்தது அப்போதுதான். நோயைத் தீர்க்க இயலாத இடத்தில் நோவைத் தீர்க்கும் அத்துறைக்கு நோய்த்தணிப்புப் பராமரிப்பு என்று பெயர். மனிதருக்கு அதனை ஒழுங்குபட்ட மருத்துவமாக்கியவர் ஆங்கில நாட்டு அம்மையார் சிசிலி சோண்டர்ஸ். தாதியாகவும் பின்பு வைத்தியராகவும் பயின்ற அவர், 1967இல் இலண்டனில் புனித கிறிஸ்தோபர் இல்லத்தைத் தொடக்கினார். 1993இல் கேரளத்துக் கோழிக்கோட்டில் டொக்டர் இராஜகோபாலும் அவர்தம் நண்பர்களும் தொடக்கிய சங்கம், அயலவரும் தொண்டரும் கூடி வீட்டிலேயே நோயாளியைப் பேணும் முறையை வளர்த்தது. நம் நாட்டிலும் மகரகமையில் 'சாந்த சேவன' இல்லம் உண்டு. விலங்குகளுக்கும் இது பொருந்தும் என்று கண்ட மிருக வைத்தியர்கள் 2009இல் இதற்கெனச் சர்வதேசச் சங்கம் ஒன்றை நிறுவினர்.

மருந்து என்னும் அதிகாரத்தில் வள்ளுவர் மருத்துவத்தை நான்காகப் பகுத்தார். நோயுற்றவன், தீர்ப்பவன், மருந்து, அருகிருந்து பேணுபவன் என்பன அவை. நோய்த்தணிப்பில் அந்நான்காமவனுக்கே வேலை அதிகம். விலங்கிடத்தில் அவன் இன்னொன்றும் செய்ய வேண்டும். நோயுற்றது பேசாது, ஆதலின் அதன் நாவாகவும் அவனே இருத்தல் வேண்டும்.

"அப்பா, ராணிக்கு நோகுதா?" என்று மகள் நாள்தோறும் கேட்டாள். அழவில்லை, முனகவில்லை, ஆகவே நோவில்லை என்று நான் நினைத்திருந்தேன். வைத்தியர் அதனைத் திருத்தினார். விலங்குகள் நோவை மறைக்கும் இயல்பின. நாய் ஓய்ந்திருக்கையிலும் மூச்சிரைத்தால், ஓரிடத்தில் படுக்க மாட்டாமல் மாறி மாறி எழுந்தால், ஒரே இடத்தை ஓயாது நக்கினால், அழைத்தும் வால் ஆடாவிட்டால், அது நோவென்று கொள்ள வேண்டும். பூனையாயின் முதுகைக் கூனிக் குந்தியிருக்கும். தன் உடலை நக்கித் தூய்மை செய்வதை விட்டுவிடும். இருளிற் சென்று ஒளியும். காது, கண், வாய்ப்புறம், மீசை, தலை நிற்கும் நிலை ஆகிய ஐந்தையும் நோக்கிப் பூனையின் நோவை அளவிடும் முறையொன்றை மொன்றியல் பல்கலைக்கழகத்தார் 2019இல் வெளியிட்டுள்ளனர்.

நோவுக்கு அவர் தந்த மருந்து மெலொக்சிகாம் என்னும் திரவம். நாயின் நிறைக்கேற்ப அளந்து, உணவோடு, நாளுக்கு ஒருமுறை கொடுத்தோம். வாந்தி வந்தாலோ மலம் கறுத்தாலோ உடனே நிறுத்திவிட்டு வரும்படி எச்சரித்தார். இங்கே தாய்மாருக்கு ஒரு முக்கிய செய்தி கூற வேண்டும். வீட்டு அலுமாரியில் இருக்கும் மனித மாத்திரைகளை இரக்கத்தால் கொடுத்துவிடாதீர்கள். பரசிட்டமோல் மாத்திரை ஒன்றே ஒரு பூனையைக் கொல்லப் போதும். அதனைச் சிதைத்து வெளியேற்றும் ஆற்றல் பூனையின் ஈரலுக்கு இல்லை. ஐபுபுறொபனும் டைக்ளோபெனாக்கும் நாயின் இரைப்பையைப் புண்ணாக்கிச் சிறுநீரகத்தையும் கெடுப்பன.

அடுத்தது புண். நம் வெப்பநாட்டில் புற்றுப்புண்ணுக்குப் பெரும்பகை ஈ. அது முட்டையிட்டால் ஓரிரு நாளில் புழு வைத்துவிடும். காய்ச்சி ஆறிய உப்புநீரால் காலையும் மாலையும் கழுவி, வைத்தியர் தந்த களிம்பைப் பூசி, மெல்லிய துணியால் மூடி, அதன்மேல் என் பழைய பெனியனைக் கால்கள் வெளிவருமாறு அணிவித்தோம். நோயுற்ற நாய் அன்பான நாயாயினும் புண்ணைத் தொடும்போது கடித்தல் கூடும். ஆதலின் வாய்க்கட்டு இட்ட பின்பே தொட வேண்டும். விசர்நாய்த் தடுப்பூசியும் தவறாது போட்டிருத்தல் வேண்டும். மஞ்சளும் வேப்பிலையும் அரைத்துப் பூசலாமோ என்று என் மாமியார் கேட்டார். கட்டியை அவை கரைக்கமாட்டா, வெடித்த புண்ணை எரியச் செய்யும் என்று வைத்தியர் தடுத்தார். "அப்ப திருநீறு?" என்றார். "நெத்தியில பூசுங்கோ, அம்மா," என்றார் வைத்தியர். அன்றுமுதல் நாள்தோறும் விளக்கேற்றிய பின் அம்மம்மா ராணியின் நெற்றியில் திருநீறு பூசிவந்தார்.

உணவைச் சிறிது சிறிதாக நாளுக்கு நான்கு முறை கொடுத்தோம். இளஞ்சூடாக இருந்தால் மணம் எழுந்து பசியைத் தூண்டும். குழைந்த சோறும் மீன் அவித்த நீரும், சில நாட்களில் முட்டையும். வெங்காயம் சேர்த்தல் ஆகாது. நாய்க்கும் பூனைக்கும் அது இரத்தத்தைக் கெடுக்கும். சீமெந்துத் தரையில் சாக்கும் அதன்மேல் பழைய சேலையும் விரித்து, காற்று வரும் மூலையில் படுக்கவைத்தோம். எழ முடியாத நாட்களில் சில மணிக்கொருமுறை மறுபக்கம் திருப்பிவிட்டோம்.

எங்கள் அயலவர் மீன்பிடித் தொழில் செய்பவர். ஒருநாள் மாலை வேலியருகே நின்று, "மனிசருக்கே மருந்தில்லாத நாட்டில நாய்க்கு என்ன மாஸ்டர் வைத்தியம்?" என்றார். அதனை நான் கொடுஞ்சொல்லாகக் கொள்ளவில்லை. தம் மனைவியின் இரத்த அழுத்த மாத்திரைக்காகக் கடை கடையாக அலைந்தவர் அவர். கேள்வி நியாயமானது, நேர்மையான விடை ஒன்று அதற்கு வேண்டும். என் கணக்கைப் பார்த்தேன். பேராதனைப் பயணத்துக்குப் பெருந்தொகை சென்றது உண்மை; அதனையும் தொடக்கத்திலே சென்றிருந்தால் பயனாயிருக்கும். அதன்பின் நான்கு மாதங்களில் சென்றவை மருந்துப் போத்தல்கள், உப்பு, பழந்துணி, எங்கள் நேரம் ஆகியனவே. எந்த மனிதரின் மருந்தையும் ராணி பறிக்கவில்லை. இதனை அவரிடம் நான் வாதாடவில்லை. சில நாள் கழித்து அவரே ஒரு பையில் சூடை மீன் கொண்டுவந்து, "அவிச்ச தண்ணியைக் குடுங்கோ," என்று தந்துவிட்டுப் போனார்.

இவ்விரக்கம் நம் மண்ணுக்குப் புதிதன்று. கிறிஸ்துவுக்கு முன் மூன்றாம் நூற்றாண்டில் அசோகன் வெட்டுவித்த இரண்டாம் பாறைச் சாசனம், மனிதருக்கும் விலங்குகளுக்கும் இருவகை மருத்துவம் செய்வித்ததைக் கூறுகையில் சோழர், பாண்டியர் நாடுகளையும் தாமிரபரணி எனப்பட்ட நம் தீவையும் பெயர் சொல்லிக் குறிக்கிறது. அநுராதபுரத்து அரசன் புத்ததாசன், வயிற்றில் கட்டியோடு கிடந்த ஒரு பாம்பைக் கண்டு இரங்கி, தன் கையாலேயே கீறிக் குணப்படுத்தினான் என்று சூளவம்சம் சொல்கிறது. தருமனோ தன்னைத் தொடர்ந்த நாயை விட்டுச் சுவர்க்கம் புக மறுத்தவன். இக்கதைகளைக் குழந்தைகளுக்கு நாம் கூறுகிறோம். கூறிவிட்டு, நோயுற்ற நாயைச் சாக்கிலிட்டுச் சந்தையடியில் விட்டுவிட்டு வரும் காட்சியையும் அதே குழந்தைகளுக்குக் காட்டுகிறோம்.

இனி நாட்குறிப்பைப் பற்றிக் கூற வேண்டும். அமெரிக்க மிருக வைத்தியர் அலிஸ் வில்லலோபஸ் 2004இல் ஓர் அளவுகோலை வகுத்தளித்தார். நோவு, பசி, நீர், தூய்மை, மகிழ்ச்சி, நடமாட்டம், தீய நாட்களினும் நல்ல நாட்கள் மிகுதியாக உள்ளனவா என்பது ஆகிய ஏழு தலைப்புகள். ஒவ்வொன்றுக்கும் பத்துக்குள் புள்ளியிட வேண்டும். நல்ல நிலைக்கு அதிக புள்ளி. மொத்தம் எழுபதில் முப்பத்தைந்துக்கு மேல் இருப்பின், பராமரிப்பைத் தொடர்வது தகும். என் மகள் ஒரு பழைய கொப்பியில் கோடிட்டு இரவுதோறும் புள்ளியிட்டாள். உறங்கும்போது ஒரு நிமிடத்துக்கு எத்தனை மூச்சு என்பதையும் எண்ணி எழுதினாள். முப்பதுக்குள் இருப்பது இயல்பு. முதல் இரண்டு மாதங்கள் எண்கள் நன்றாகவே இருந்தன. ராணி மெல்ல நடந்து வாசல்வரை வந்து, பாடசாலை விட்டு வரும் அவளை வரவேற்றாள். அவை கடன் வாங்கிய நாட்களாயினும் நல்ல நாட்களே.

மூன்றாம் மாதத்தில் முச்சக்கர வண்டியில் ஏற்றி டச்சுக்குடாக் கரைக்கு ஒருமுறை கொண்டுசென்றோம். நடக்கவில்லை, மணலில் படுத்துக் காற்றை முகர்ந்தாள். கோட்டைப் பக்கமிருந்து வந்த மானொன்று அருகே மேய்ந்தது. அதனைப் பார்த்துத் தலையைச் சாய்த்தாள். அன்றைய பக்கத்தில் மகிழ்ச்சிக்கு நேரே மகள் பத்து என்று எழுதியிருக்கிறாள்.

நான்காம் மாதம் எண்கள் இறங்கின. மூச்சு நாற்பதாயிற்று; ஐம்பதைத் தாண்டிற்று. ஒரு வியாழன் மாலை வைத்தியர் வீட்டுக்கு வந்து கொப்பியைப் புரட்டினார். மூன்று நாட்களாக மொத்தம் இருபதுக்குக் கீழே. "இனி உறங்கவைக்கிறதுதான் சேர் நல்லது. நாளைக்கு வரட்டா?" என்றார். மயக்க மருந்தை மிகுதியாக ஏற்றுவது அது. முதலில் உறக்கம், பின்பு மூச்சும் இதயமும் அடங்கும், நோவு தெரிவதில்லை. அம்மம்மா நெடுநேரம் பேசாதிருந்தார். உயிரைக் கொடுத்தவனே எடுக்க வேண்டும் என்பது அவர் கொள்கை. இறுதியில், "வெள்ளிக்கிழமை வீட்டில வேண்டாம். சனிக்கிழமை செய்யுங்கோ," என்றார். நான் ஒப்பினேன். அவர் மனத்தைப் புண்படுத்தக் கூடாது என்று வெளியே சொல்லிக்கொண்டேன். உள்ளத்தில் எனக்கும் ஒருநாள் வேண்டியிருந்தது.

வெள்ளி இரவு ராணிக்கு மூச்சு முட்டிற்று. படுக்க முடியவில்லை, முன்கால்களை ஊன்றிக் கழுத்தை நீட்டி உட்கார்ந்தபடி விடியும்வரை போராடினாள். வைத்தியர் அன்று வெளியூர் சென்றிருந்தார். அம்மம்மா அருகிருந்து விசிறினார். துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பலின் ஊதல் கேட்ட விடியற்பொழுதில் எல்லாம் அடங்கிற்று. அம்மம்மா என்னைப் பார்த்து, "நான்தான் பிழை விட்டிட்டன், தம்பி," என்றார். "இல்லை மாமி, முடிவெடுக்க வேண்டியவன் நான்," என்றேன். அதுவே உண்மை. நான்கு மாதம் நாங்கள் செய்தவை யாவும் அவளுக்காகச் செய்தவை. அந்த ஓர் இரவு மட்டும் எங்களுக்காக அவள் பட்டது.

இதனை எழுதுவதன் நோக்கம், யாவரும் ஊசியை நாட வேண்டும் என்பதன்று. இயல்பாக இறக்கட்டும் என்று எண்ணும் குடும்பத்தின் சமயவுணர்வை நான் மதிக்கிறேன். ஆனால் அவ்வாறு எண்ணுவோர், மூச்சுத்திணறலுக்கும் கடும் நோவுக்கும் வேண்டிய மருந்தை வைத்தியரிடம் முன்கூட்டியே கேட்டு வாங்கி வீட்டில் வைத்திருத்தல் வேண்டும். உறங்கவைப்பதென்று எண்ணுவோர், எந்த நிலை வந்தால் என்பதை நல்ல நாள் ஒன்றிலேயே யாவரும் கூடியிருந்து முடிவு செய்து எழுதிவைத்தல் வேண்டும். தீய நாளில் எடுக்கும் முடிவு தாமதமான முடிவாகவே இருக்கும்.

பிள்ளைகளிடம் மறைப்பதும் ஆகாது. "ஊருக்கு அனுப்பிவிட்டோம்" என்று கூறும் பெற்றோரை நான் அறிவேன். அப்பிள்ளை வாசலைப் பார்த்தபடி மாதக்கணக்காய் இருக்கும். என் மகள் எல்லாவற்றையும் அறிந்திருந்தாள். வேப்பமரத்தடியில் குழி வெட்டியபோது பட்டிப்பூக்களைப் பறித்து வந்து தன் கையாலேயே இட்டாள். சில நாள் அழுதாள், பின்பு தேறினாள். அந்தக் கொப்பி இன்னும் அவள் மேசையில் இருக்கிறது.

அம்மாணவன் மறுநாளும் வந்தான். "அடுத்த கிழமை டொக்டரிட்டப் போறம் சேர். என்ன கேக்கவேணும் எண்டு எழுதித் தாங்கோ," என்றான். நான்கு வினாக்களை எழுதிக் கொடுத்தேன். இது எவ்வகைப் புற்று, தீர்க்கக்கூடியதா? தீராதெனின் நோவுக்கு எந்த மருந்து, எவ்வளவு? எந்த அறிகுறி கண்டால் உடனே வர வேண்டும்? இரவில் முடியாமற் போனால் யாரை அழைப்பது? கடைசி வினாவை நான் கேட்காமல் விட்டவன். ஆதலால் அதன்கீழ் இருமுறை கோடிட்டுக் கொடுத்தேன்.

இன்று ஞாயிற்றுக்கிழமை. வீட்டில் நாயோ பூனையோ வளர்க்கும் பிள்ளைகள் இத்தாளை மடித்து வைத்துவிட்டு, அதனை அருகழைத்து வயிற்றையும் முலைகளையும் விரலால் மெல்லத் தடவிப் பாருங்கள். காது நுனியையும் வாயின் உட்புறத்தையும் பாருங்கள். கடலையளவில் ஏதேனும் தட்டுப்பட்டால், அது நோகாவிட்டாலும், நாளையே வைத்தியரிடம் கொண்டு செல்லுங்கள்.